கட்டில் போன வழி

காலை பத்து இருபதுக்குச் செய்தி வந்தது. மாங்காய்க் கொட்டகையில் அன்றைய முதல் லோடு ஏறிக்கொண்டிருந்தது. மௌனிகா பெட்டிகளுக்கு அடியில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள். விரல்களில் மாங்காய்ப் பால் பிசுபிசுத்ததால் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். பேசியவர் வார்டு மெம்பர்.

"மௌனிகா, கமலாத்தாக்கா நம்மளை விட்டுப்போட்டுப் போயிட்டாங்க கண்ணு. சித்தூர்ல பஸ்ஸ விட்டு எறங்குனாங்க. கம்பியப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டு ஓடுனோம். ஒண்ணும் பண்ண முடியலீங்க."

மௌனிகாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. அந்தச் சுவர்தான் கண் முன்னால் வந்து நின்றது.

கமலாத்தாள் வீட்டு வாசலில் பாதி பிரித்த கல்சுவர் அது. அதில் சாய்த்து வைத்த கடப்பாரை. விடிந்ததும் விடியாததுமாகப் பஸ்ஸுக்குப் புறப்பட்டவர் அந்தச் சுவரை ஒரு தட்டுத் தட்டி, "பொழுதோட வந்து உன்னய முடிச்சுப்போடறேன், இரு" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போனதை, பால் வாங்க வந்த மௌனிகா பார்த்திருந்தாள். பிளாக் ஆபீசில் ஏதோ பயிற்சி, மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன் என்றார். அந்தச் சுவரை முழுதும் எடுத்தால்தான் கடைசி வீட்டு வனிதாவின் வாசலுக்கு வண்டி போகும். இனி அதை யார் எடுப்பது? இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு கேள்வி தனக்கு வந்ததே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கமலாத்தாள் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். அதுதான் முதல் கேள்வி என்றிருப்பார்.

பாலக்காட்டு மாவட்டத்து முதலமடைக்குக் கிழக்கே, மலை மழையைத் தடுத்துக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது வேலங்காட்டுப்பதி. மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் வேலியும் சுவருமாக, ஒரு காலத்தில் மாட்டு வண்டி போவதற்கு விட்ட சந்து. தார் ரோட்டில் தொடங்கி, வளைந்து வளைந்து உள்ளே போய், ஒரு வீட்டோடு முடிந்துவிடும். தலைமாட்டில் இருக்கும் பெரிய வீடு மௌனிகாவின் மாமனார் ரத்தினசாமியுடையது. கடைசி வீடு வனிதாவுடையது. அதற்கு முந்தியது கமலாத்தாளுடையது. மாட்டு வண்டி நின்றுபோன பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் சந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டார்கள். ஒருவர் குளியலறை கட்டினார், ஒருவர் தண்ணீர்த் தொட்டி வைத்தார், ஒருவர் சுவரைப் புதுப்பிக்கும்போது ஒரு முழம் முன்னால் தள்ளிக் கட்டினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோரும் செய்தார்கள், அவ்வளவுதான்.

வனிதாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸுக்குப் பாலக்காடு போகிற நாள்களில் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் அவள் கணவன் மணிகண்டனும் பின்னால் குப்பண்ணனும் தூக்கிக்கொண்டு, தார் ரோட்டில் நிற்கும் வண்டிவரை வருவார்கள். திரும்பும்போதும் அப்படியே. மாமரம் ஏறிக் காய் பறிக்கிற குப்பண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "மகாராணி பல்லக்குல வாராங்கோ, ஒதுங்குங்கோ" என்று கத்திக்கொண்டே வருவான். வனிதா சிரிப்பாள். மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்து, அவள் சேற்றில் விழுந்தாள். அன்றைக்கு அவன் எதுவும் கத்தவில்லை.

மௌனிகா கல்யாணமாகி வந்த புதிதில் நடந்த கிராமசபை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ஆண்டின் திட்டத்தில் வேலங்காட்டுப்பதிக்கு என்ன என்று மெம்பர் படித்தார்: தார் ரோட்டு முனையில் உயரமான கோபுர விளக்கு. கைதட்டல் எழுந்தது. அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நல்லதுங்க. வெளிச்சம் நல்லா வரும். வனிதாவச் சேத்துல போடறது ராத்திரியில கூடத் தெளிவாத் தெரியும்."

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, வாயில் வெற்றிலை, எழுந்து நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே உயரம். அதுதான் கமலாத்தாள். அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழுவின் தலைவி. கணவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் சிவப்பிரகாஷ் பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருந்தான். கடலைக்காடும் சில மாமரங்களும் அவர் பாடு.

மெம்பருக்கு முகம் சிவந்தது. "அக்கா, வழி போட எங்குளுக்கு மட்டும் ஆசையில்லீங்களா? நீங்க ஊர்க்காரங்க எடம் விட்டாப் பஞ்சாயத்துப் போடும். நீங்க ஒரு சாண் விடமாட்டீங்கோ. காசு குடுத்து எடம் வாங்கப் பஞ்சாயத்துக்கு வழியில்ல."

"அப்ப வெளக்க எழுதாதீங்கோ. வழின்னு எழுதுங்கோ. எடம் நாங்க பாத்துக்கறோம்."

"யாரு பாத்துக்கறது?" என்றார் முன் பெஞ்சிலிருந்து ரத்தினசாமி, திரும்பிப் பார்க்காமலே.

"நீங்கதானுங் ரத்தினண்ணா. முக்காவாசி உங்க சொவருதானுங்களே."

அரங்கமே சிரித்தது. மௌனிகா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கமலாத்தாள் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார். நாலு பேரைப் பிடித்தார்: மணிகண்டன், குப்பண்ணன், இன்னும் இரண்டு இளவட்டங்கள். இட்டேரியின் தலைமாட்டிலிருந்து கடைசிவரை கட்டிலை நேராகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இரு பக்கமும் ஆள் நடந்துவர இடம் வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அயல்கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் பின்னால்.

மௌனிகா கல்லூரியில் புவியியல் படித்தவள். "அத்தை, டேப்பு வெச்சு அளந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுருமே" என்றாள்.

"டேப்புப் புடிச்சா எல்லாரும் டேப்பத்தான் பாப்பாங்க கண்ணு. எத்தன அடின்னு சண்டை வரும். கட்டலு போவுதா, போவுலியா? அதுல என்ன சண்டை?"

பிறகு அவர் தன் சட்டத்தைச் சொன்னார். கட்டில் யார் சுவரில் முட்டுகிறதோ அங்கேயே அதைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த வீட்டு ஆள் ஒருவர் வந்து அதில் படுக்க வேண்டும். படுத்துப் பார்த்துவிட்டு அவரே சொல்ல வேண்டும், சுவர் இருக்கட்டுமா வேண்டாமா என்று. யாரும் கேட்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது. அவர் வரும்வரை கட்டில் அங்கேயே கிடக்கும். தூக்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

"பாடை மாதரத் தூக்கற கட்டல்ல உசுரோட இருக்கறவன் படுக்கலாமாக்கா?" என்று ஒரு பெண் பயந்தாள்.

"வனிதா உசுரோடத்தான் இருக்கறா" என்றார் கமலாத்தாள்.

கட்டில் முதலில் முட்டிய இடம், தூக்கிக்கொண்டிருந்த குப்பண்ணன் வீட்டுக் குளியலறையேதான். ஊர் கைகொட்டிச் சிரித்தது. குப்பண்ணன் கட்டிலை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தலைக்கு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மல்லாந்தான்.

"ஏனுங்க்கா, மால கீல ஒண்ணும் இல்லீங்களா? சங்காச்சும் ஊதச் சொல்லுங்க."

"வாய மூடிட்டுப் படுடா. செத்தவன் பேசப்படாது."

குப்பண்ணன் வாயை மூடினான். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். எழுந்தபோது முகத்தில் விளையாட்டு குறைந்திருந்தது. "அக்கோவ், நின்னு பாக்கையில சின்னதாத்தான் இருந்துச்சு. கீழ கெடந்து பாத்தா என்ற பாத்ரூமு கோட்ட மாதர நிக்குதே" என்றான். அன்று மாலையே அதன் முன்சுவரை அவனே இடித்தான்.

அதற்குப் பிறகு வீடு வீடாக அது நடந்தது. தொட்டி வைத்தவர் படுத்தார். மாட்டுக் கொட்டகை நீட்டியவர் படுத்தார். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் யார் படுப்பது என்று வாக்குவாதம் செய்து, கடைசியில் இரண்டு பேருமே படுத்தார்கள். கட்டிலின் ஒரு கால் முறிந்தது, அதைச் சரி செய்ய ஒரு வாரம் போனது. படுத்து எழுந்தவர்கள் பெரிதாக எதுவும் பேசவில்லை. "எடுத்துக்கலாமுங்க" என்பார்கள். அல்லது, "இந்த மூலைய மட்டும் வெட்டிக்கலாமுங்க." ஒரு பகுதியைக்கூட விடமாட்டேன் என்று எழுந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

மௌனிகா எத்தனையோ வரைபடங்களை விரித்துப் பார்த்தவள். ஒரு ஊர் தன் வரைபடத்தைத் தானே எழுந்து நின்று திருத்திக்கொள்வதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு தலைமுறையாக வழக்குப் போட்டும் பேச்சுவார்த்தை நடத்தியும் ஒரு விரற்கடை நகராத வேலிகள் ஒரு கயிற்றுக் கட்டிலுக்கு நகர்ந்தன. சில நாள் அவள் கொட்டகை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே பின்னால் போனாள். பார்த்த பிறகும் அது எப்படி நடக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ரத்தினசாமியின் சுவரைக் கமலாத்தாள் கடைசிக்கு வைத்திருந்தார்; முதல் நாளே கட்டிலை அதைத் தாண்டி வைத்துத்தான் தொடங்கினார். தலைமாட்டு வளைவில் இருக்கும் கருங்கல் சுவர் அது. அதன் உள்பக்கம் அவர் தன் கையால் ஒட்டுக் கட்டி வளர்த்த செந்தூர மரம். கட்டில் சுவரில் முட்டியது. கீழே வைத்தார்கள். தூக்கியவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

ரத்தினசாமி வெளியே வந்து பார்த்தார். "கமலா, நான் செத்தப்பறம் படுத்துக்கறேன். இப்ப எடத்தக் காலி பண்ணு" என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்ணா. நெனைக்கறப்போ வாங்க. நாங்க இங்கதான் இருக்கறோம்."

கதவு சாத்திக்கொண்டது. உச்சி வெயில் ஏறியது. மௌனிகா அடுப்படியில் நின்றபடி யோசித்தாள். ஒரு குடம் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். குடம் காலியானதும் அதைக் கீழே வைத்தாள். பிறகு, யோசித்துச் செய்ததா யோசிக்காமல் செய்ததா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். அவளும் அந்த வீட்டு ஆள்தானே.

கயிறு முதுகில் அழுத்தியது. அண்ணாந்து பார்த்தபோது வானம் ஒரு கிழிசல் அளவுக்குத்தான் தெரிந்தது. மீதியெல்லாம் அவள் வீட்டுச் சுவர். சுவருக்கு மேல் செந்தூரக் காய்கள் சிவந்து தொங்கின. வனிதா வாரந்தோறும் அண்ணாந்து பார்ப்பது இதைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தான் தினமும் கோலம் போட்டுவிட்டு உள்ளே போகும் வாசலை இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

கதவு படீரென்று திறந்தது. "எந்திரி சாமி! எந்திரி மொதல்ல! வாழ வந்த புள்ள படுக்கற கட்டலா இது?" ரத்தினசாமி செருப்புப் போடாமல் ஓடி வந்தார். அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு, கமலாத்தாளைச் சுட்டெரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே படுத்தார். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து பாருங்ணா" என்றார் கமலாத்தாள். அவர் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெதுவாக ஒலித்தது.

ரத்தினசாமி கண்ணைத் திறந்தார். நீண்ட நேரம் எழவில்லை. ஒரு பழுத்த இலை வந்து அவர் மேல் விழுந்தது, அதைக்கூடத் தட்டிவிடவில்லை.

"சொவத்த மரத்துக்கு உள்பக்கமாத் தள்ளிக் கட்டிக்கலாம்" என்றார் கடைசியில், படுத்தபடியே. "வளைவுக்கு அது போதும். மரத்துல மட்டும் கை வெச்சறாதீங்க. அது வெளிய நிக்கட்டும்."

"அப்ப காயி ஊருக்குங்களா மாமா?" என்றான் குப்பண்ணன்.

"நீ பறிக்காம இருந்தாத்தான் ஊருக்கு" என்றார் ரத்தினசாமி. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்றைக்கும் அந்த மரம் வழியோரத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல் எறிகிறார்கள். அவர் திட்டுகிறார், ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்து திட்டுவதில்லை.

அந்தச் சுவரை எடுத்து முடித்த அன்று மாலை கடைசி ஓட்டம். தலைமாட்டிலிருந்து வனிதா வீட்டுவரை கட்டிலை ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கும் முட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கட்டிலைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். வனிதா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டில் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ, எனக்கு இப்பவே வேண்டாமுங்க" என்று சிரித்தாள். கமலாத்தாள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

தவறு நடந்தது அங்கேதான். அதுவரை கட்டிலை அவ்வளவு தூரம் தூக்கி வந்ததில்லை. கமலாத்தாள் வீட்டுச் சுவர் இடுப்புயரம்கூட இல்லாத குட்டைச் சுவர். இட்டேரிக்குள் ஒரு புடைப்பாக வந்து நின்றது. தோளில் போன கட்டில் அதன் மேலாக மிதந்து போய்விட்டது. முட்டவில்லை. முட்டாத சுவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பின்பு பஞ்சாயத்து ஓவர்சியர் வந்து அளந்தபோது அந்த இடத்தில் நின்று, இந்த மதில் என்ன ஆகும் என்று கேட்டார். "அதெல்லாம் கட்டலு போயிருச்சுங்க" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவருக்கு அது புரியவில்லை. கொடுத்த இடத்துக்குத்தானே வேலை என்று எழுதிக்கொண்டு போனார். கட்டில் சொன்ன தீர்ப்புக்கு மேல் வேறு தீர்ப்பு உண்டென்று அந்த நாள்களில் யாரும் நினைக்கவில்லை.

கோபுர விளக்கு போய் வழி வந்தது. கான்கிரீட் காய்ந்து, டயாலிசிஸுக்கு வண்டி முதல் தடவையாக உள்ளே வந்த காலையில், இட்டேரி முழுக்க ஆட்கள் நின்றார்கள். வண்டி ரத்தினசாமி வளைவைத் தாண்டியது, குப்பண்ணன் வீட்டைத் தாண்டியது, கமலாத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஒரு பக்கம் குட்டைச் சுவர், இன்னொரு பக்கம் வாய்க்கால்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு கமலாத்தாளைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊரு சொவத்தயெல்லாம் படுத்துப் பாக்கச் சொன்னனே, என்ற சொவத்த நின்னுகூடப் பாக்கலியே!"

அன்றே பத்துப் பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அவர் விடவில்லை. "அவுங்கவுங்க சொவத்த அவுங்கவுங்கதானே எடுத்தீங்கோ? என்றத நான் எடுக்கறேன்." மாங்காய்க் காலம், பகலெல்லாம் எல்லோருக்கும் வேலை. பொழுது சாயும் நேரத்தில் அவர் தினமும் சில கற்களைப் பெயர்ப்பார். பெயர்த்ததை வீசிவிட மாட்டார். தலையில் வைத்துக் கொண்டுபோய் வனிதா வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் அடுக்குவார். கான்கிரீட் அந்தப் பள்ளத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. மழை வந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். வனிதா வாசலில் உட்கார்ந்து, "பெரீம்மா, அந்தக் கல்லு ஆடுது பாருங்க" என்பாள். "ஆடுனா உன்ற புருசன வெச்சு அமுக்கு" என்பார் அவர். அந்த நாள்களிலும் வனிதாவை நாற்காலியில்தான் தூக்கினார்கள். ஆனால் கமலாத்தாள் வாசல்வரைதான். குப்பண்ணன் "பல்லக்குத் தூரம் கொறைஞ்சு போச்சு, கூலியக் கொறச்சறாதீங்க" என்று வனிதாவிடம் முறையிடுவான்.

செய்தி வந்த அன்று, மத்தியான வெயில் சற்றுத் தணிந்த நேரத்தில் கமலாத்தாளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டி வந்தவன் ஜோமோன், இடுக்கிப் பக்கத்து ஆள். பொள்ளாச்சியிலிருந்து ஓடி வந்த சிவப்பிரகாஷ் முன் சீட்டில் இருந்தான். வண்டி தார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியது. செந்தூர மரத்தடியில் ரத்தினசாமி கைகட்டி நின்றார். வண்டி அவரைக் கடந்தது. சத்தமே இல்லாமல், எங்கும் உரசாமல், ஒரு காலத்தில் நாற்காலி திரும்பத் திணறிய வளைவுகளில் எல்லாம் தண்ணீர் போவதுபோல் வளைந்து போனது. மௌனிகா பின்னால் நடந்தாள். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அங்கே படுத்து எழுந்த முகம் அவளுக்குத் தெரிந்தது. அந்த வழி முழுக்க, கிடந்து பார்த்தவர்கள் விட்டுக்கொடுத்த இடம். வேறு யாரும் கொடுக்கவில்லை. வேறு எங்கிருந்தும் வரவில்லை.

வாசலுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. ஜோமோன் தலையை வெளியே நீட்டி மலையாளம் கலந்து சொன்னான். "சேட்டா, இதுக்கு மேல வண்டி கேறாது. மதில் தட்டும்."

சிவப்பிரகாஷ் இறங்கினான். உள்ளே போய் அந்தக் கயிற்றுக் கட்டிலையே எடுத்து வந்தார்கள். கமலாத்தாளை அதில் கிடத்தினார்கள். மணிகண்டனும் குப்பண்ணனும் முன்னால் பிடித்தார்கள். தோளுக்கு ஏற்றினால் போதும், குட்டைச் சுவருக்கு மேலாக, அன்றைக்குப் போன மாதிரியே எளிதாகப் போய்விடலாம். மணிகண்டன் தோளைக் கொடுத்தான். குப்பண்ணன் கொடுக்கவில்லை.

"கீழ வைய்யி" என்றான்.

"என்னடா?"

"சொவுரு இடிக்குதல்லோ. கீழ வைய்யி."

கட்டிலைச் சுவரோரம் இறக்கினார்கள். சுவர் யாருடையதோ அந்த வீட்டு ஆள் கட்டிலில் கிடந்தார். கண் லேசாகத் திறந்தபடி இருந்தது, யாரும் மூடவில்லை. சட்டம் செய்தவர் தன் முறைக்கு வந்து படுத்திருக்கிறார் என்பதைத் தவிர மௌனிகாவால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வயதான ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். "காரியம் முடியற வரைக்கும் எழவூட்டுல கல்லு மண்ணுல கை வெக்கப்படாதுங்க."

ரத்தினசாமி முன்னால் வந்தார். "அது மத்த ஊட்டுக்கு" என்றார். "கண்ணு, சிவா. உங்கம்மா படுத்துப் பாத்துட்டா. நீ எடு."

சிவப்பிரகாஷ் கடப்பாரையை எடுத்தான். முதல் குத்து அழுதுகொண்டே குத்தினான். பிறகு அழுகை நின்றது. மற்றவர்கள் பெயர்ந்த கல்லை வாங்கி வாங்கி ஓரமாக வைத்தார்கள். ஜோமோனும் சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று சேலை முந்தானையால் அவருக்கு நிழல் பிடித்தார்கள். வனிதா தன் வாசலில் இருந்து எழுந்து, யார் துணையும் இல்லாமல் வாய்க்கால் ஓரமாக நடந்து வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தூரம் அதிகமில்லை. ஆனாலும் அவள் அப்படி நடந்து பலர் பார்த்ததில்லை.

அடிவரிசைக் கல் பெயர்ந்ததும் குப்பண்ணன் மண்ணைக் காலால் தள்ளிச் சமன் செய்தான். கட்டிலைப் பார்த்து, "ஆச்சுக்கா. போலாம்" என்றான். பிறகுதான் கட்டிலைத் தூக்கினார்கள். தோளுக்கு ஏற்றவில்லை. வனிதாவின் நாற்காலியைத் தூக்குவதுபோல் இடுப்புயரத்திலேயே பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

வனிதாவின் அடுத்த டயாலிசிஸ் நாள் வந்தது. துக்கம் விலகாத வீட்டைத் தாண்டி, இருட்டு பிரியும் நேரத்தில் வண்டி வனிதாவின் வாசலுக்கே போய் நின்றது. அவள் தானே ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி அவள் வீட்டுச் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குப்பண்ணன் தூக்குவதற்கு எதுவும் இல்லாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, வண்டியின் கதவைச் சாத்தினான்.

வண்டி திரும்பும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. வாசலுக்கு முன்னால் உள்ள அந்தப் பள்ளத்தில் கமலாத்தாள் அடுக்கிய கற்கள் பாதிவரைதான் இருக்கின்றன. மீதிப் பாதி இன்னும் நிரப்பப்படவில்லை.